பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவர்கள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் என்று எவராவது நிரூபித்தால், போன தை மாதம் புரை எடுத்த என் இடது கண் மறுபடி மங்கிப் போகட்டும். வலது கண்ணைச் சத்தியத்தில் சேர்க்கவில்லை. அது ஏற்கெனவே போய்விட்டது. இல்லாத பொருளின் மேல் சத்தியம் செய்வது மோசடி.

என் பெயர் தாண்டவமூர்த்தி. வயது எழுபத்திரண்டு. முப்பத்தொரு வருடம் ப்ரோகிராமராக வேலை பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் ‘குறிமேடை’ என்ற இணைய அரங்கில் சண்டை போட்டேன். வேலையிலிருந்து அனுப்பும்போது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். குறிமேடையில் நாற்பத்தெட்டாயிரம் புள்ளி கொடுத்தார்கள். கடிகாரம் நின்றுவிட்டது. புள்ளி அப்படியே இருக்கிறது.

குறிமேடை என்பது ப்ரோகிராமர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்துக்கொள்வதற்காகத் தொடங்கிய இடம். அங்கே சந்தேகம் தீரும் விதத்தைச் சொல்கிறேன். ஒருவன் வந்து, ‘இந்த ஆணியை எப்படி அடிப்பது?’ என்று கேட்பான். ‘இது ஏற்கெனவே கேட்கப்பட்டது, தேடிப் பார்க்கத் தெரியாதா?’ என்பான் முதல் ஆள். ‘இந்தக் காலத்தில் யார் ஆணி அடிக்கிறார்கள்?’ என்பான் அடுத்தவன். ‘உன் சுத்தியல் குப்பை, என் சுத்தியலை வாங்கு’ என்று மூன்றாவது ஆள் வருவான். ‘எனக்கு ஆணி இறங்குகிறதே’ என்பான் நான்காமவன். அதற்குள் சுத்தியல்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருவன் பிறப்பை இன்னொருவன் சந்தேகிக்கத் தொடங்கியிருப்பான். ஆணியோடு வந்தவன் எப்போது போனான் என்று யாரும் கவனித்ததில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நானும் கவனித்ததில்லை.

அங்கே என் பெயர் ‘நண்டுக்கால்’. என் சண்டை ஒரே சண்டை. கம்ப்யூட்டரில் ஒரு வரிசையில் பொருள்களை அடுக்கினால், முதல் பொருளுக்குப் பூஜ்யம் என்று எண் போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். இரண்டாவது பொருளுக்கு ஒன்று. பத்தாவது பொருளுக்கு ஒன்பது. மற்றவர்களுக்கு இது கிறுக்குத்தனம். எங்களுக்கு இது ஆசாரம். ‘இல்லை, மனிதன் எண்ணுகிற மாதிரி ஒன்றிலிருந்துதான் எண்ண வேண்டும்’ என்று ‘வெங்கலக்கடை’ என்ற பெயரில் ஒருவன் கிளம்பினான். அவனுக்கு 2009இல் நான் எழுதிய பதில் குறிமேடையில் பெரும் புகழ் பெற்றது:

‘முதலில் இருப்பது பூஜ்யம். இதை ஒப்புக்கொள்ளாத அரைவேக்காட்டுக்கு எண்ணும் தகுதியே இல்லை. இந்த விவாதம் இத்தோடு முடிந்தது.’

முடியவில்லை. அதற்குப் பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் நடந்தது.

இப்போது எங்கள் இலுப்பந்தாங்கல் நகராட்சிக்கு வருவோம். ஊர்த் தண்ணீரைப் பங்கிட ஒரு கம்பெனியிடம் ஏழு மெஷின் மூளைகள் வாங்கினார்கள். நாற்பது வால்வு, ஏழு மூளை. ஒன்று தப்பு செய்தால் ஆறும் திருத்தும், ஏழும் கலந்து பேசித்தான் முடிவெடுக்கும் என்றார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மெஷின் மூளைக்குப் படிப்பு வேண்டும். பொறியாளர்கள் கூடிப் பேசிச் சிக்கலைத் தீர்ப்பது எப்படி என்று அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பொறியாளர்கள் கூடிப் பேசிய பேச்சு, பதினெட்டு லட்சம் பதிவு, ஒரே இடத்தில் சும்மா கிடந்தது. எந்த இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கம்பெனியில் ஒருவராவது அதைப் படித்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. யாரும் படிக்கவில்லை. எங்கள் தொழிலில் படித்துப் பார்ப்பது மட்டும் எப்போதும் அடுத்தவன் வேலை.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது, யாரும் அவற்றிடம் எதுவும் கேட்காததால். ஆடி மாதம் ஒரு திங்கள்கிழமை காலை, பம்ப்ஹவுஸ் ஆபரேட்டர் ஐந்தே சொல்லில் ஒரு கேள்வி போட்டார்: ‘பதினாலாம் வால்வு திறக்கவில்லை. எப்படித் திறப்பது?’

புதன்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டு கேட்டை ஒரு பெண் உலுக்கினாள். நகராட்சி உதவிப் பொறியாளர் ஜெசிந்தா. முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

“சார், நண்டுக்கால்ங்கிறது நீங்கதானே?”

அந்தப் பெயரைச் சொல்லி யாரும் என்னை நேரில் கூப்பிட்டதில்லை. “யாரும்மா நீ?” என்றேன்.

“ஏழு மெஷின்ல மூணு மெஷினுக்கு உங்க வாய் சார். ‘அட அரைவேக்காடே, எண்ணத் தெரியாதவனுக்கு வால்வு எதுக்கு?’ன்னு கேக்குது. பழைய பதிவுல தேடிப் பாத்தேன். வார்த்தைக்கு வார்த்தை நீங்க எழுதினது. உங்க போன் நம்பரும் அதுல இருந்துச்சு. அதை வெச்சு வீட்டைக் கண்டுபிடிச்சேன்.”

எனக்கு முதலில் வந்தது பெருமிதம்தான். சத்தியம் செய்திருப்பதால் மறைக்க முடியவில்லை.

“எத்தனை பதிவு போட்டிருக்கு?”

“காலைல எட்டு மணி வரைக்கும் நாப்பத்தோராயிரம்.”

“வால்வு திறந்துதா?”

“சார்,” என்றாள். அந்த ஒரு சொல்லில் அவள் என்னை எவ்வளவு திட்ட முடியுமோ அவ்வளவும் இருந்தது.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலில் நின்றபடியே விளக்கினாள். முதல் நாள் முழுக்க, இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டதா இல்லையா என்று ஏழும் விவாதித்திருக்கின்றன. இரண்டாம் நாள், வால்வை ஓட்டும் ப்ரோகிராமை வேறு மொழியில் அடியிலிருந்து எழுதினால் என்ன என்று ஒரு மெஷின் கேட்டிருக்கிறது. மாலையில்தான் பதினாலாம் வால்வு எது என்ற கேள்விக்கு வந்திருக்கின்றன.

“மூணு மெஷின், பூஜ்யத்துலேந்து எண்ணணும், அதனால குழாயோட தலைலேந்து பதினஞ்சாவதா இருக்கறதுதான் பதினாலுன்னு சொல்லுது. மூணு மெஷின், இல்ல, ஒண்ணுலேந்து எண்ணணும், பதினாலாவதா இருக்கறதுதான் பதினாலுன்னு சொல்லுது. நாலு ஓட்டு விழாம எந்த வால்வும் அசையாது சார்.”

“ஏழாவது மெஷின்?”

“அது வால்வுங்கற பேரே தப்புன்னு சொல்லுது. நீர்த்தடைன்னு மாத்திட்டு அப்புறம் பேசலாமாம்.”

“சரி, ஆளை அனுப்பிக் கையால திருப்ப வேண்டியதுதானே? வால்வு தலைல சக்கரம் இருக்குமே?”

“மனுஷன் கை பட்டா கணக்கு கெட்டுடும்னு கம்பெனிக்காரங்க நாப்பது சக்கரத்தையும் கழட்டி எடைக்குப் போட்டுட்டாங்க. பைப் ரிஞ்ச் போட்டுத் திருப்பினோம். நாங்க திருப்பத் திருப்ப அது மூடுது. ‘அனுமதி பெறாத திருத்தம்’னு எங்க மேல புகார் வேற எழுதுது.”

“கரண்ட்டைப் புடுங்கும்மா!”

“புடுங்கினா நாப்பதும் தானா மூடிக்கும். அது பாதுகாப்பு ஏற்பாடாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“சார், பதினாலுக்கு அந்தப் பக்கம் டயாலிசிஸ் கிளினிக் இருக்கு. எட்டுக் கட்டில். ஒருத்தருக்கு ரத்தம் சுத்தம் பண்ண நூறு லிட்டருக்கு மேல நல்ல தண்ணி வேணும். நேத்து லாரித் தண்ணி ஊத்தினாங்க; கல்குவாரித் தண்ணி, ஃபில்டர்ல சுண்ணாம்பு அடைச்சுப் போச்சு. மூணு பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். அங்கயும் இடமில்ல. அஞ்சு பேர் படுத்திருக்காங்க. திங்கள்கிழமை பண்ணிருக்கணும். இன்னைக்குப் புதன்.”

“நான் என்ன பண்ணணும்?”

“மூணு மெஷினுக்கு உங்க வாய், மூணு மெஷினுக்கு வெங்கலக்கடை வாய். பழைய ஆளுங்களே உள்ள வந்து எழுதினா அதுங்க மதிக்கும். புள்ளி அதிகம் இல்லையா. யாராவது ஒருத்தர் விட்டுக் குடுத்தா நாலு ஓட்டு வந்துரும்.”

“அவன் விட மாட்டாம்மா. அமெரிக்காவுல உக்காந்துகிட்டுத் திமிரு புடிச்சவன்.”

“அவர் அஞ்சாவது குறுக்குத் தெரு சார். இப்ப அந்தக் கிளினிக்லதான் இருக்கார். ஏழாவது கட்டில்.”

இருபத்திரண்டு வருடம். இரண்டு தெரு தள்ளி. ஒரே ரேஷன் கடை வரிசையில் நின்றிருப்போம். யாராவது முன்னால் நுழைந்தபோது ‘வரிசையா வாங்கய்யா’ என்று இருவரும் சேர்ந்தே கத்தியிருப்போம்.

கிளினிக்கில் ஏழாவது கட்டிலில் பருத்த மனிதர் ஒருவர் தலையணையை அணைத்தபடி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுமாம். கால் இரண்டும் வெண்பூசணி மாதிரி வீங்கியிருந்தன. பெயர் இருதயராஜ், வங்கி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜெசிந்தா என்னை யாரென்று சொன்னதும், நிமிர்ந்து பார்த்தார்.

“நீதானாய்யா அது? மெடிக்கல் ஷாப்ல சில்லறைக்குச் சண்டை போடற கிழவன்!”

“நீதானா அது? சர்ச் வாசல்ல வண்டிய குறுக்க நிறுத்தறவன்!”

“நான் ஏழாவது கட்டில்ல இருக்கேன். உன் கணக்குல ஆறு. ஆறாம் நம்பர் கட்டில்காரன் செத்துட்டான்னு நாளைக்கு நீ எழுதுவே, பக்கத்துக் கட்டில்காரன் பொண்டாட்டி வந்து அழுவா.”

“சாகற நேரத்துலயும் உனக்கு வரிசை புரியல பாரு.”

ஜெசிந்தா லேப்டாப்பைத் திறந்து நடுவில் வைத்தாள். “ஒரே வரி. யாராவது ஒருத்தர் எழுதுங்க,” என்றாள்.

நாங்கள் எழுதவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வெறும் தமாஷ். நாங்கள் சண்டை போட்டோம். 2009இல் அவன் எடுத்துக்காட்டிய வாழைப்பழக் கணக்கு, 2013இல் நான் அதை மடக்கிய விதம், 2016இல் அவன் என்னை வேறு பெயரில் வந்து திட்டினானா இல்லையா. மூச்சு வாங்க வாங்க அவன் பேசினான். அவன் மூச்சு வாங்கும் இடைவெளியில் நான் பேசினேன். சரியாக ஒரு மணி இருபது நிமிடம். ஜெசிந்தா இரண்டு முறை கெஞ்சினாள். மூன்றாவது முறை கெஞ்சாமல் வராண்டாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

முதல் கட்டிலில் செல்லக்கிளி என்ற தையல்கார அம்மாள் இருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. அவள் தங்கை தனபாக்கியம் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். விசிறுவதை நிறுத்திவிட்டு எங்கள் கட்டிலருகே வந்தாள்.

“ஐயா, உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்து முடிய எவ்வளவு நேரமாவும்? எங்கக்கா உதடெல்லாம் நீலம் பாயுது. சொன்னீங்கன்னா அதுகிட்ட சொல்லி வெப்பேன்.”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே நேரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் லேப்டாப்பை இழுத்தேன். ‘நண்டுக்கால்’ என்று உள்ளே நுழைந்து, ஒற்றை விரலால் அடித்தேன்: ‘வெங்கலக்கடை சொல்வதே சரி. நான் சொன்னது தப்பு. பதினாலாவது வால்வைத் திறவுங்கள்.’

இருதயராஜ் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. அது வெற்றியா, வியாதியா என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வினாடியில் ஏழு மெஷினும் ஒருமனதாகப் பதில் போட்டன. மூன்று நாளில் அவை ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்:

‘இப்படியொரு வாக்கியம் இருபத்திரண்டு வருடப் பதிவுகளில் எங்கும் இல்லை. நண்டுக்காலின் கணக்கை வேறு யாரோ திருடியிருக்கிறார்கள். கணக்கு முடக்கப்படுகிறது.’

பதினெட்டு லட்சம் பதிவில், ‘நான் சொன்னது தப்பு’ என்று ஒருவன், ஒரே ஒருவன், ஒரு தடவைகூட எழுதியதில்லை. மெஷினைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? நாங்கள் வைக்காத சோற்றை அது எங்கிருந்து தின்னும்?

“முட்டாளே,” என்றார் இருதயராஜ். “குறிமேடையில போயி மன்னிப்புக் கேக்கறியே. அங்க எவன்கிட்டயாவது வேலை வாங்கணும்னா எப்படி வாங்குவோம்? மறந்துட்டியா? இங்க குடு.”

லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு ‘வெங்கலக்கடை’ என்று உள்ளே நுழைந்தார். விரல் வீங்கியிருந்ததால் இரண்டு எழுத்துச் சேர்ந்து விழுந்தது. “நீ சொல்லு, நான் அடிக்கறேன். உன்னோட மோசமான வாயால சொல்லு.”

சொன்னேன். “பதினாலாம் வால்வைத் திறப்பது நடக்கவே நடக்காத காரியம். இதில் இருக்கும் ஏழு அரைவேக்காடுகளில் ஒன்றுக்கும் அந்த அறிவு கிடையாது. முடியும் என்று சொல்பவன் வாயால் சொல்லாமல் செய்து காட்டட்டும்.”

அவர் கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தார்: “காட்டமாட்டான்.”

நான்கு வினாடி. ஒவ்வொரு மெஷினும் மற்ற ஆறும் முட்டாள்கள் என்று நிரூபிக்க ஓட்டு, சட்டம் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு ஓடியது. ஒன்று பதினாலாவதைத் திறந்தது. ஒன்று பதினைந்தாவதைத் திறந்தது. ஒன்று, எல்லாவற்றையும் திறப்பதே முறையான தீர்வு என்று நாற்பதையும் திறந்தது. பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர். கிளினிக்கின் மேல்தொட்டியில் சடசடவென்று சத்தம் கேட்டது. ஜெசிந்தா வராண்டாவில் உட்கார்ந்து அழுதாள்.

ஃபில்டரில் அடைத்த சுண்ணாம்பைக் கழுவி எடுக்க இரண்டரை மணி நேரம் பிடித்தது. நான்கு பேர் பிழைத்தார்கள், இருதயராஜும் சேர்த்து. செல்லக்கிளியை மெஷினில் மாட்ட நர்ஸ் ஊசியை எடுத்தபோது, அதற்குத் தேவை இருக்கவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரு மணி இருபது நிமிடம் இருந்தது. அதை நான் மறுபடி எழுதப்போவதில்லை.

பத்து நாள் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. யாரை விட்டு எழுதச் சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஏழையும்தான். நடந்தது எல்லாம் அவற்றுக்குத்தான் தெரியுமாம். அறிக்கை நேர்த்தியாக இருந்தது. பின்னிணைப்பில் இறந்தோர் பட்டியல்:

‘0. செல்லக்கிளி, வயது 52, தையல் தொழில்.’

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. நகராட்சியில் பத்திரிகைக் குறிப்பு தயாரித்தவர், பட்டியலின் கடைசி எண் என்னவோ அதை அப்படியே எடுத்துப் போட்டார். மறுநாள் பேப்பரில் வந்தது: ‘இலுப்பந்தாங்கல் குடிநீர்த் தடை: உயிரிழப்பு 0.’

அன்று காலை தனபாக்கியம் அந்தப் பேப்பரோடு என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். எங்கள் வீட்டு வாசலில் நிற்பவர்கள் யாரும் உள்ளே வருவதில்லை.

“படிச்சவரு நீங்க, சொல்லுங்க. எங்கக்கா சைபரா சார்?”

“இல்லம்மா. அது… அவங்கதான் முதல் ஆள். முதல் ஆளுக்கு அப்படித்தான் நம்பர் போடுவாங்க.”

“எவன் போடுவான்?”

அவள் கையிலிருந்த பேப்பரை வாங்கி மடித்தேன்.

“முப்பது வருஷம் தச்சுது சார். ஊர்ல பாதிப் பொண்ணுங்களுக்குக் கல்யாண ஜாக்கெட் அதுதான். ஒரு அளவு தப்பினதில்ல. தையல் கத்துக்க வர்ற பொண்ணுங்களுக்கு எடுத்தவுடனே, இன்ச் டேப்புல எண்ணு ஒண்ணுலேந்துதான் இருக்கும்னு சொல்லிக் குடுக்கும். அதைப் போயி சைபர்னு எழுதிட்டானுங்களே, பாவிங்க.”

அன்று மாலை நானும் இருதயராஜும் முதல்முறையாக ஒரே கட்சியில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். இறந்தோர் பட்டியல் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவுதான் மனு. நகராட்சி கமிஷனருக்குக் கொடுத்தோம். அவர் வழக்கப்படி அதை ஏழு மெஷினுக்கும் அனுப்பினார். இருதயராஜ் சொன்னார், “இந்தத் தடவை ஒத்துக்கும்யா. செத்துப்போன மனுஷி விஷயம்.”

பதில் ஒரு வினாடியில் வந்தது. நான்கு ஓட்டு தேவைப்பட்ட இடத்தில் ஏழு ஓட்டு. இருதயராஜின் வாயில் பேசிய மூன்று மெஷின்கள்கூட அந்தப் பக்கம் போய்விட்டன.

‘இது ஏற்கெனவே விவாதித்துத் தீர்க்கப்பட்டது. பார்க்க: நண்டுக்கால், 2009. முதலில் இருப்பது பூஜ்யம். இதை ஒப்புக்கொள்ளாத அரைவேக்காட்டுக்கு எண்ணும் தகுதியே இல்லை. இந்த விவாதம் இத்தோடு முடிந்தது.’

மனு மூடப்பட்டது.

இருதயராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நல்லா எழுதியிருக்கேய்யா,” என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான். அதைக் கேட்டுவிட்டு நான் எழுந்து வீட்டுக்கு நடந்தேன். வழியில் தனபாக்கியத்தின் தெரு வந்தது. சுற்றிக்கொண்டு போனேன்.

இவ்வளவுதான் நடந்தது. கமிஷனரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். ஒரே ஒரு தகவலை மட்டும் ஆரம்பத்தில் சொல்ல விட்டுப்போய்விட்டது: இலுப்பந்தாங்கலுக்குக் குடிநீர்க் குழாயோ வால்வோ இன்றுவரை போடவில்லை, வியாழக்கிழமை தோறும் தண்ணீர் லாரிதான் வரும்.